பாம்புக்கடிக்கு ஸ்பான்சர் இல்லை

இந்திய மருத்துவச் சங்கத்தின் சிறுநகரக் கிளை ஒன்றில் நெடுங்காலமாக உறுப்பினராக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகள் அதன் செயலாளராகவும் இருந்தேன். ஊரின் பெயர் இங்கே தேவையில்லை. காவிரிப் படுகையின் எந்தத் தாலுகா ஊருக்குப் போனாலும் இதே கூட்டத்தைப் பார்க்கலாம். இரவு எட்டரை மணிக்கு ஓட்டல் ஹாலில் தமிழ்த்தாய் வாழ்த்து. குத்துவிளக்கு. தலைவர் உரை, செயலாளர் அறிக்கை. திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்த பெரிய மருத்துவமனை நிபுணரின் முக்கால் மணி நேரப் பேச்சு. இரண்டு கேள்விகள், பொன்னாடை, மெமெண்டோ, நாட்டுப்பண், சாப்பாடு. வாசலில் மருந்துக் கம்பெனியின் மேசை. அதன் பின்னால், பகலெல்லாம் எங்கள் கிளினிக் வாசல்களில் காத்துக்கிடந்த அதே ரெப் தம்பிகள் நின்றுகொண்டிருப்பார்கள். இதற்கு சி.எம்.இ. என்று பெயர், தொடர் மருத்துவக் கல்வி. வந்தவர் கணக்கில் கிரெடிட் ஹவர் ஏறும்.

இந்தக் கூட்டத்தை வெறும் விருந்து என்று ஒதுக்குபவர்கள் எங்கள் தொழிலுக்குள்ளேயே உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிறுநகர மருத்துவர் தனி ஆள். மருத்துவக் கல்லூரியை விட்டு வந்த நாளிலிருந்து அவர் செய்வது சரியா தவறா என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒருவரும் இல்லை. நோயாளி குணமானால் திரும்ப வரமாட்டார். குணமாகாவிட்டாலும் வரமாட்டார், அடுத்த தெருவில் இன்னொருவரிடம் போய்விடுவார். இரண்டுமே ஒரே மௌனமாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது. அந்த அடுத்த தெரு மருத்துவரும் நானும் ஒரே மேசையில் உட்காரும் ஒரே இடம் இந்த மாதக் கூட்டம். இதன் அருமையை ஓர் இரவில் தெரிந்துகொண்டேன்.

அன்று சிறப்புப் பேச்சாளரின் கார் வழியில் தாமதமாகிவிட்டது. ஹாலில் ஆட்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். நேரத்தை ஓட்ட வேண்டுமே என்று, எங்களில் இளைய பொதுமருத்துவர் ஒருவரை ஏதாவது பேசச் சொன்னேன். அவர் தன் கைப்பேசியை ப்ரொஜெக்டரில் இணைத்து ஒரே ஒரு படத்தைக் காட்டினார். நடுவயதுப் பெண்ணின் மார்புக்குக் கீழ் மடிப்பில் கறுப்பாக ஒரு பொருக்கு. பீடியால் சுட்டது போல, சுற்றிலும் சிவப்பு வளையம். உண்ணிக் காய்ச்சல். புதர்களில் இருக்கும் மிகச் சிறிய உண்ணியின் இளம்புழு கடித்து வருவது. வலியோ அரிப்போ அதிகம் இராது, நோயாளிக்கே அந்த இடம் தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிமடிப்பு என்று துணியை விலக்கித் தேடினால்தான் கிடைக்கும். எல்லா நோயாளிக்கும் அது இருப்பதும் இல்லை. ஆனால் இருந்தால், அந்த ஒன்றே போதும், நோய் பிடிபட்டுவிட்டது. டாக்சிசைக்ளின் மாத்திரை, காலை ஒன்று மாலை ஒன்று. சில ரூபாய்ச் செலவு. தாமதமானால் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகி உயிரே போகும். வேலூர் சி.எம்.சி.யில் இந்த நோயைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இருநூறு சொச்சம் கிலோமீட்டர் தாண்டி அந்த அறிவு எங்கள் ஹாலுக்கு வர, ஒரு கார் தாமதமாக வேண்டியிருந்தது.

“இந்த அம்மாவை ஒன்பது நாள் டைபாய்டுன்னு நம்மில் மூணு பேர் பார்த்திருக்கோம் சார். வைடால் டெஸ்ட் பாசிட்டிவ்னு ரிப்போர்ட் இருந்தது” என்றார். யார் அந்த மூவர் என்று சொல்லவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த மூவரில் ஒருவன் நான். அந்தப் பெண்ணின் கழுத்துக்குக் கீழே நான் பார்க்கவேயில்லை. மறுவாரம் என்னிடம் காய்ச்சலோடு வந்த பையனைச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். அக்குளில் இருந்தது.

ஒரு சங்கக் கிளையால் மட்டுமே செய்யக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன். புதிய மருந்தைப் பற்றிய பேச்சைக் கைப்பேசியில் கேட்டுக்கொள்ளலாம். நம் ஊரில், இந்த மாதம், நாம் தவறவிட்டது என்ன என்பதை நம் ஊர்க்காரர்கள்தான் சொல்ல முடியும். அப்படியிருக்க, அது ஏன் தற்செயலாக மட்டும் நடக்கிறது?

முதல் காரணம் பணம். ஹால் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கம்பெனியோ கார்ப்பரேட் மருத்துவமனையோ கொடுப்பது. பேச்சாளரைத் தருவதும் பல சமயம் அவர்களே. அதனால் பேச்சு பொய்யாகிவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. நான் கேட்ட பேச்சுகளில் பெரும்பாலானவை நேர்மையானவை, சில மிக நல்லவை. சர்க்கரை நோய்க்கான புதிய மருந்துகள் சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்கின்றன என்பதை அப்படியொரு கூட்டத்தில்தான் தெளிவாகப் புரிந்துகொண்டேன். கோளாறு தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், மூட்டு மாற்று, ஸ்டென்ட் என்று, விலை உள்ள நோய்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. டாக்சிசைக்ளினுக்காக ஹால் எடுத்துக்கொடுக்க எந்தக் கம்பெனிக்கும் காரணம் இல்லை.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். வயல் சூழ்ந்த ஊரில் இதைவிட எங்களுக்கு வேண்டிய தலைப்பு எது? கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வீக்கம் இராது, வலியும் தெரியாது, பல்தடம்கூடக் கண்ணில் படாமல் போகும். விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார். அசிடிட்டி ஊசி போட்டு அனுப்பிவிட்டால், சற்று நேரத்தில் இமைகள் தொங்கி மூச்சு நின்றுபோகும். கண்ணாடிவிரியன் கடித்தால் ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு ஒரு கண்ணாடிக் குழாய் போதும். 2 மில்லி ரத்தத்தை அதில் விட்டு, ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். இன்னும் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. ஆனால் குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும், சோப்புத்தூள் போட்டுக் கழுவியதாக இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் குழாயிலும் சோப்புப் பட்ட குழாயிலும் நல்ல ரத்தமே உறையாமல் நின்று ஏமாற்றும். லேபுகளில் இன்று கையில் அகப்படுவது பிளாஸ்டிக் குழாய்தான். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்து. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தரும் இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நம் செங்கல்பட்டுப் பக்கத்தில்தான் இயங்கி வருகிறது. இத்தனையும் நம் மண்ணில் இருக்க, நான் செயலாளராக இருந்த இரண்டு ஆண்டுகளில் பாம்புக்கடி பற்றி ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை. யாரும் முன்வரவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் இந்தக் கோளாறைக் காணாமல் இருந்துவிடவில்லை. 2002-இன் மருத்துவ நெறிமுறை விதிகள், மருத்துவர் தொழில்முறைச் சங்கங்களில் சேர்ந்து செயல்பட வேண்டும் என்றும், ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெற வேண்டும் என்றும் சொல்கின்றன. 2009-இல் சேர்த்த 6.8 என்ற பிரிவு, கம்பெனிகளிடமிருந்து பரிசு, பயணம், விருந்தோம்பல் பெறுவதைத் தடுத்தது. அது மருத்துவரோடு மருத்துவர் சங்கங்களையும் சேர்த்தே கட்டியது. 2016-இல் ஒரு திருத்தத்தால் சங்கங்கள் மட்டும் அந்தக் கட்டிலிருந்து விடுபட்டன. நான் ஒரு பேனாவோ பையோ வாங்கினால் தவறு, நான் உறுப்பினராக உள்ள சங்கம் மாநாட்டையே வாங்கிக்கொண்டால் தவறில்லை என்ற நிலை. இந்தத் திருத்தம் தவறு என்பது என் உறுதியான கருத்து. சங்கத்துக்குக் கிடைத்த சலுகை என்று அன்று மகிழ்ந்தவர்கள் இருந்தார்கள். தனி ஆளைவிடக் கூடுதல் ஒழுக்கம் எங்களிடம் எதிர்பாருங்கள் என்று கேட்டிருக்க வேண்டிய அமைப்பு, குறைவாக எதிர்பார்க்கப்படுவதை ஏற்றுக்கொண்டுவிட்டது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த புதிய விதிகள் கம்பெனி பணத்தில் நடக்கும் கல்வி நிகழ்ச்சிகளை இறுக்கப் பார்த்தன. மூன்று வாரத்துக்குள் அவை நிறுத்திவைக்கப்பட்டன. 2024-இல் வந்த மருந்து விற்பனைக்கான நடத்தை விதிகள் கம்பெனிகளின் பக்கத்திலிருந்து சில வரம்புகளை வைத்தன. எங்கள் பக்கத்துக் கதவு திறந்தபடியே இருக்கிறது.

எங்கள் பொருளாளர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் பேச்சில் நியாயம் உண்டு. உறுப்பினர் கட்டும் சந்தாவில் கிளைக்குத் தங்குவது சொற்பம். “சாப்பாடு இல்லேன்னா கோரம்கூட வராது சார்” என்பார். நான் செயலாளராக இருந்தபோது சோதித்துப் பார்த்தேன். ஸ்பான்சர் இல்லாமல் மூன்று கூட்டங்கள், அரசு மருத்துவமனை கருத்தரங்க அறையில், டீயும் சுண்டலும். வழக்கமாக வருபவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் வந்தார்கள். வந்தவர்கள் பத்தரை மணி வரை எழுந்திருக்கவில்லை, அது வேறு. ஆனால் வராதவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலை ஆறு மணிக்கு ரவுண்ட்ஸ் தொடங்கி இரவில் கடைசி நோயாளியை அனுப்பியவருக்கு, மனைவி மக்களோடு ஒரு நல்ல சாப்பாடும் தன் தொழில்காரர்களின் பேச்சும் வேண்டியிருக்கிறது. அந்தச் செலவை நாமே தலைக்கு இவ்வளவு என்று போட்டுக்கொள்ள முடியாத ஏழைகளா நாம் என்றுதான் கேட்கிறேன். அடுத்து வந்த நிர்வாகக் குழு பழைய முறைக்கே திரும்பியது.

இரண்டாவது காரணம் பணத்தைவிட ஆழமானது. பயம்.

இந்தச் சங்கம் 1928-இல் கல்கத்தாவில் பிறந்தது. பிதான் சந்திர ராய், எம்.ஏ. அன்சாரி போன்றோர் அதன் தோற்றத்தில் இருந்தார்கள். ஆங்கில மருத்துவ அதிகாரிகளுக்குக் கீழே இந்திய மருத்துவர் இரண்டாம் தரமாக நடத்தப்பட்ட காலம். அடுத்த இரண்டே ஆண்டில், 1930-இல், பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் இந்தியப் பட்டங்களுக்கான ஏற்பை விலக்கிக்கொண்டது. ஒருவருக்கொருவர் அரணாக நிற்பது பிறப்பிலேயே இந்தச் சங்கத்தின் குணம். அந்தக் குணத்தால் நான் பயன்பெற்றிருக்கிறேன். ஒரு நோயாளியின் மரணத்துக்குப் பிறகு நண்பர் ஒருவரின் நர்சிங்ஹோம் உடைக்கப்பட்டபோது, அரை மணி நேரத்தில் நாற்பது மருத்துவர்கள் அந்த வாசலில் நின்றோம். மருத்துவமனை வன்முறைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-இல் ஒரு சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தில் வழக்குப் பதியச் சொல்லிக் காவல்நிலையத்தில் விடிய விடிய உட்கார்ந்தது கிளைதான். இறந்துபோன உறுப்பினரின் குடும்பத்துக்கு மற்றவர்கள் சேர்ந்து தொகை அளிக்கும் ஏற்பாடும் சங்கத்தில் இருக்கிறது. தனி ஆளாகத் தொழில் செய்பவனுக்கு இவை எவ்வளவு பெரிய பலம் என்பதை வெளியிலிருப்பவர்கள் எளிதில் உணரமாட்டார்கள்.

ஆனால் கோட்டைக்குள் இருக்கும்போது யாரும் தன் சுவரில் விரிசல் இருப்பதாகச் சொல்லமாட்டார்கள். மருத்துவத் தொழில் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் எதிர்த்து வாதாடித் தோற்றது எங்கள் சங்கம்தான். அன்றிலிருந்து, கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னது நாளை வக்கீல் நோட்டீசில் வரும் என்ற அச்சம் மூத்தவர்களிடம் உறைந்துவிட்டது. அச்சம் பொய்யல்ல. பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர் நூறாண்டுக்கு முன்பே இதில் அடிபட்டார். ஒவ்வொரு நோயாளிக்கும் கடைசியில் என்ன ஆயிற்று என்று பார்த்து வெளியிட வேண்டும் என்றார். தன் சொந்த மருத்துவமனையில் பார்த்த 337 பேரில் 123 பிழைகள் என்று அச்சிட்டே வெளியிட்டார். 1915 ஜனவரியில் தன் மாவட்ட மருத்துவச் சங்கத்தின் கூட்டத்திலேயே, ஊர்ப் பெரியவர்களைச் சாடும் ஒரு கேலிச்சித்திரத்தைத் திறந்துவைத்தார். அந்தச் சங்கத்தின் அறுவை மருத்துவப் பிரிவுத் தலைவர் பதவியை அவர் விட வேண்டியதாயிற்று. இன்று உலகெங்கும் மருத்துவத் தரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அவரை முன்னோடி என்கிறார்கள். அன்று அவர் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

எங்கள் இளைய மருத்துவர் காட்மனைவிடப் பக்குவமானவர். நோயாளி பெயர் இல்லை, மருத்துவர் பெயர் இல்லை, ‘நம்மில் மூணு பேர்’ என்ற ஒரு சொல்தான். அதில் அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டார். அவமானப்படாமல் கற்றுக்கொள்ள முடிந்தது. அரசுத் துறையில் பிரசவ மரணங்களை ஒவ்வொன்றாக ஆய்வு செய்யும் முறை தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக உண்டு. அங்கே மேலதிகாரி முன்னால் பதில் சொல்ல வேண்டும், எனவே பதில்கள் தற்காத்துக்கொள்வதாகவே அமைந்துவிடும். கிளையில் மேலதிகாரி கிடையாது. சமமானவர்கள் மட்டும் உட்காரும் அறை நம் தொழிலில் இது ஒன்றுதான்.

மூன்றாவதாக, அறிக்கை. மாநிலக் கிளை சிறந்த கிளைக்கும் சிறந்த செயலாளருக்கும் விருது தருகிறது. கிளைகள் அனுப்பும் செயல்பாட்டு அறிக்கைதான் அதற்கு ஆதாரம். எத்தனை கூட்டம், எத்தனை முகாம், எத்தனை மரக்கன்று, டாக்டர்ஸ் டே படங்கள். ரத்ததான முகாம்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, ஒவ்வொரு யூனிட்டும் எங்கோ ஒரு தாய்க்குப் போய்ச் சேர்கிறது. சர்க்கரை கண்டறியும் முகாம்கள் அப்படியல்ல. பந்தலில் விரல் குத்திச் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு அந்த ஆள் என்ன ஆனார் என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை. போலியோ ஒழிப்புக் காலத்தில், கால் திடீரெனத் துவண்ட குழந்தை வந்தால் உடனே கண்காணிப்பு அலுவலருக்குத் தகவல் சொல்வதைத் தனியார் மருத்துவர்கள் பழக்கமாக்கிக்கொண்டார்கள். இந்தியாவில் இயற்கை போலியோ 2011 ஜனவரியில் கண்ட கடைசி நோயாளியோடு முடிந்ததில் அந்தத் தொலைபேசி அழைப்புகளுக்கும் பங்கு உண்டு. அதற்குப் படம் எடுக்க முடியாது.

உண்ணிக் காய்ச்சல் பேசப்பட்ட அந்த மாதத்தின் அறிக்கையை எழுதியவன் நான்தான். பழைய கோப்பைச் சென்ற வாரம் எடுத்துப் பார்த்தேன். கொழுப்புக் குறைப்பு மருந்து பற்றிய சிறப்புரை, பேச்சாளர் பெயர், வந்தவர் எண்ணிக்கை, பொன்னாடை போர்த்தியவர், விருந்தளித்த கம்பெனிக்கு நன்றி, மூன்று படங்கள். அந்தப் பன்னிரண்டு நிமிடம் அதில் இல்லை. எழுதத் தோன்றவேயில்லை.

இப்போதைய செயலாளர் என்னிடம் பழகியவர். ஒவ்வொரு கூட்டத்திலும் சிறப்புரைக்கு முன்னால் கால் மணி நேரம் ஊர்க்காரர்களுக்கு என்று கேட்டிருக்கிறேன். ஸ்பான்சரைப் பிறகு பார்ப்போம், முதலில் இது. ஐப்பசி மழை தொடங்கப் போகிறது, பாம்புகள் மேட்டுக்கு வரும். முதல் கால் மணி நேரத்தை எனக்கே கொடுத்திருக்கிறார். தஞ்சாவூரில் சொல்லிவைத்துப் புதிய கண்ணாடிக் குழாய்கள் ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறேன். கிளினிக்குக்கு ஒன்றாவது கொடுத்துவிட வேண்டும்.