மாதிரி உருவங்களுக்கு வண்ணம் தீட்டுதல்: அச்சு வழிகாட்டிகளும் இணைய வளங்களும்

அளவுமாதிரி உருவங்களுக்கு வண்ணம் தீட்டுதல் என்பது போர்வீரர், குதிரைவீரர், கற்பனைக் கதைமாந்தர் முதலியோரின் சிறிய உருவங்களைத் தூரிகை கொண்டு வண்ணமிட்டு உயிர்ப்புடன் தோன்றச் செய்யும் பொழுதுபோக்குக் கலை. இவ்வுருவங்கள் பிளாஸ்டிக், உலோகக் கலவை, ரெசின் ஆகியவற்றில் வார்க்கப்படுகின்றன. காட்சிக்கு வைக்கும் உருவங்களுக்கு 54 மி.மீ. உயரம் நெடுங்காலம் பொதுவான அளவாக இருந்தது. மேசை விளையாட்டுகளுக்கான உருவங்கள் பெரும்பாலும் 28 மி.மீ. அளவில் அமைகின்றன.

இக்கலையைப் பலரும் தனியாகவே கற்கின்றனர். முன்பு அவர்களுக்கு ஆசிரியராக இருந்தவை நூல்களும் இதழ்களும். இன்று அந்த இடத்தைப் பெரிதும் காணொளிகள் பிடித்துள்ளன. இவற்றுள் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொத்தாம்பொதுவாக விடை கூற இயலாது. வழிகாட்டி குறிப்பிடும் வண்ணக்குப்பி கடையில் கிடைக்காமல் போன பிறகும் அந்த வழிகாட்டியால் கற்பிக்க முடியுமா என்பதே இங்குப் பயன்படும் அளவுகோல்.

அச்சு வழிகாட்டிகளின் வகைகள்

அச்சு நூல்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வகை, உருவத்தின் எந்தப் பகுதிக்கு என்ன நிறம் என்று சொல்வது. இங்கிலாந்தின் ஆஸ்பிரே பதிப்பகம் 1970-கள் முதல் வெளியிட்டுவரும் ‘மென் அட் ஆர்ம்ஸ்’ வரிசை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆங்கஸ் மெக்பிரைட் போன்ற ஓவியர்களின் வண்ணப்படங்கள் சீருடை, பட்டை, பொத்தான், ஆயுதம் ஆகியவற்றைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஆயினும் இந்நூல்கள் தூரிகையைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. அது அவற்றின் நோக்கமும் அன்று.

இரண்டாம் வகை, எப்படித் தீட்டுவது என்று சொல்வது. 1971-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கிய ‘மிலிட்டரி மாடலிங்’ இதழ் இவ்வகைக் கட்டுரைகளை வெளியிட்டது. அமெரிக்காவின் ஷெப் பெயின் 1970-களில் மோனோகிராம் நிறுவனத்தின் மாதிரிப் பெட்டிகளுக்குள் வைக்கப்பட்ட செய்முறைத் தாள்கள் வழியாகப் பலருக்கும் அறிமுகமானார். அவருடைய ‘பில்டிங் அண்ட் பெயின்டிங் ஸ்கேல் ஃபிகர்ஸ்’ என்ற நூலைக் கால்ம்பாக் பதிப்பகம் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்டது. உருவத்தை இணைத்தல், அதன் நிலையை மாற்றியமைத்தல், வண்ணம் தீட்டுதல் ஆகிய அனைத்தையும் இந்நூல் ஒரே தொடர்ச்சியாகச் சொல்கிறது.

நூலின் வலிமை

நல்ல நூலின் முதல் வலிமை ஒழுங்குமுறை. எதை முதலில் கற்க வேண்டும், எதைப் பின்னர் கற்க வேண்டும் என்று ஆசிரியர் முடிவு செய்திருப்பார். கற்பவர் தமக்குத் தெரியாதது எது என்பதையே அறியாத நிலையில், இந்த முடிவு பெரிய உதவி.

இரண்டாவது வலிமை, காரணத்தைச் சொல்ல அதில் இடம் உண்டு. மனித உடலின் மீது விழும் ஒளி ஆடை மடிப்புகளில் ஆழமான நிழலை உண்டாக்குகிறது. 54 மி.மீ. உருவத்தில் மடிப்பின் ஆழம் மிகக் குறைவாகையால் அந்த நிழல் தானாகத் தோன்றுவதில்லை. எனவே மேடான பகுதியை வெளிறிய நிறத்தாலும் பள்ளமான பகுதியை அடர்ந்த நிறத்தாலும் தீட்டி, ஒளி செய்யவேண்டிய வேலையைத் தூரிகை செய்கிறது. இந்த ஒரு காரணத்தை விளங்கிக்கொண்டவருக்கு எந்த நிறுவனத்தின் வண்ணமானாலும் பயன்படும்.

இதிலிருந்தே அடுத்த பாடமும் கிடைக்கிறது. சிவப்பை வெளிறச் செய்ய வெள்ளையைக் கலந்தால் அது இளஞ்சிவப்பாகிவிடும். ஆகவே ஆரஞ்சு கலக்க வேண்டும். மஞ்சளுக்கு நிழலிடக் கறுப்பைக் கலந்தால் பாசி படிந்தாற்போன்ற பச்சை வரும். ஆகவே பழுப்பு கலக்க வேண்டும். இவற்றில் எந்தக் குப்பியின் பெயரும் இல்லை. அதனால் இவை காலாவதியாவதும் இல்லை.

நூலின் குறை

அசைவைக் காட்ட நூலால் இயலாது. ஒரு படத்தில் அடிவண்ணம் பூசிய முகம் இருக்கும். அடுத்த படத்தில் கன்னமும் கண்ணும் முடிந்த முகம் இருக்கும். இடையில் கை செய்ததுதான் கற்பவருக்குத் தேவை.

வண்ணத்தின் பதமும் இத்தகையதே. அக்ரிலிக் வண்ணத்தைப் பால் போன்ற பதத்தில் நீர்க்கச் செய்ய வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். கறந்த பாலா, நீர் சேர்த்த பாலா என்ற ஐயம் படிப்பவருக்கு எழும். சர்க்கரைப் பாகின் கம்பிப் பதத்தைப் படித்து மட்டும் அறிந்துகொண்டவர் இல்லை. அருகில் நின்று பார்த்தே அறிய வேண்டும்.

அச்சிடும் முறையாலும் ஒரு குறை நேர்கிறது. பொதுவான வண்ண அச்சு நான்கு மைகளின் கலவையால் நிகழ்வது. பளிச்சென்ற ஆரஞ்சு, பச்சை, ஊதா ஆகியவை அதில் சற்று மங்கிவிடும். நூலின் படத்துக்கு நேராகக் கலந்த நிறம் மூல உருவத்தின் நிறத்துக்கு ஒத்திருக்கும் என்று உறுதி கூற முடியாது.

குப்பியின் பெயரை மட்டும் நம்பும் நூல்களுக்கு நேர்ந்த கதி 2012-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் அவ்வாண்டு தனது சிட்டடெல் வண்ண வரிசையை மாற்றியமைத்துப் புதிய பெயர்களைச் சூட்டியது. ‘கேயாஸ் பிளாக்’ இருந்த இடத்துக்கு ‘அபடான் பிளாக்’ வந்தது. நிழலிடப் பலரும் விரும்பிப் பயன்படுத்திய ‘டெவ்லன் மட்’ போய், அதற்கு நெருங்கிய மாற்றாக ‘அக்ராக்ஸ் எர்த்‌ஷேட்’ வந்தது. பழைய பெயர்களைப் பட்டியலிட்டு இதன்மேல் இதைப் பூசுக என்று மட்டும் சொன்ன பக்கங்கள், மாற்றுப் பட்டியல் இல்லாமல் பயன்படாதவை ஆயின.

இணைய வளங்களின் வலிமை

யூடியூப் தளம் 2005-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. நூலில் விடுபட்ட இடைநிலையைக் காணொளிகள் நிரப்பின. உலர்தூரிகை முறையில் தூரிகையின் வண்ணத்தைத் துணியில் எவ்வளவு துடைக்க வேண்டும், ஈர வண்ணத்தின் ஓரத்தை எவ்வளவு விரைவாக இழைக்க வேண்டும், நீர்த்த வண்ணத்தை எத்திசையில் இழுத்து முடிக்க வேண்டும் என்பவற்றைப் பத்து வரிகள் எழுதி விளக்குவதைவிடப் பத்து நொடிகள் காட்டுவது மேல். நிறுத்தியும் திருப்பியும் பார்க்கும் வசதி பொறுமையுள்ள ஆசிரியருக்கு நிகரானது.

விலையும் தொலைவும் தடையாக இல்லை என்பது மற்றொரு நன்மை. புதிய பொருள்களுக்கும் இணையம் விரைந்து ஈடுகொடுக்கிறது. வெளிறிய அடிப்பூச்சின்மீது ஒருமுறை பூசினாலே மேட்டில் மெலிந்தும் பள்ளத்தில் தேங்கியும் நிறவேறுபாடு காட்டும் ‘கான்ட்ராஸ்ட்’ வண்ணங்கள் 2019-ஆம் ஆண்டில் வெளிவந்தன. இத்தகைய பொருளைக் கையாள்வதைக் காட்ட, நூல் அச்சாகும்வரை இணையம் காத்திருப்பதில்லை.

இணைய வளங்களின் குறை

காணொளி காலத்தைச் சுருக்குகிறது. பல மணி நேர வேலை கால் மணி நேரத்தில் முடிகிறது. உலர்வதற்கான காத்திருப்பும், பிழையும், பிழையைத் திருத்திய விதமும் வெட்டப்படுகின்றன. தொடக்கநிலையில் உள்ளவர் தம் கை மெதுவாக இருப்பதைத் திறமைக்குறைவு என்று எண்ணிக் கலையையே கைவிடக்கூடும். இது சிறிய தீங்கு அன்று.

திரையில் தெரியும் நிறமும் நம்பத்தக்கது அன்று. விளக்கின் ஒளி, கேமரா தானாகச் செய்யும் வெண்மைச் சீரமைப்பு, பார்ப்பவரின் திரை ஆகிய மூன்றும் நிறத்தை மாற்றுகின்றன. அச்சைக் குறைகூறித் திரையை நம்புவது ஒரு தவற்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதாகும்.

வணிக நோக்கமும் கருதத்தக்கது. வண்ணம் விற்கும் நிறுவனங்களே வெளியிடும் காணொளிகள் தம் குப்பிகளை வரிசையாகக் காட்டுகின்றன. இரண்டு வண்ணங்களைக் கலந்து பெறக்கூடிய இடைநிறத்துக்கும் தனிக்குப்பி வாங்க நேர்கிறது. அந்நிறுவனங்களின் அச்சு வெளியீடுகளும் இதற்கு விலக்கல்ல.

இணையம் என்றும் நிலைத்திருக்கும் என்ற எண்ணமும் பிழை. ஃபோட்டோபக்கெட் என்ற படச்சேமிப்புத் தளம் 2017-ஆம் ஆண்டின் நடுவில் தன் விதிகளை மாற்றியது. அங்குச் சேமித்த படங்களைப் பிற பக்கங்களில் காட்டுவதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 400 டாலர் கட்டணம் வேண்டும் என்றது. அத்தளத்தை நம்பிப் பல ஆண்டுகளாகப் படிப்படியாக எழுதப்பட்ட செய்முறைகளில் படங்கள் மறைந்தன. எழுத்து மட்டும் எஞ்சியது. 1993-ஆம் ஆண்டு நூலை வாங்கியவரின் அலமாரியில் அதன் படங்கள் அப்படியே இருந்தன.

மதிப்பீடு

1815-ஆம் ஆண்டு வாட்டர்லூ போரில் நின்ற பிரிட்டனின் 44-ஆம் காலாட்படை வீரர் ஒருவரின் உருவத்தை எடுத்துக்கொள்ளலாம். சிவப்புச் சட்டை, மஞ்சள் கழுத்துப்பட்டை, மஞ்சள் கைமடிப்பு, மார்பில் குறுக்காக வெள்ளைத் தோல்வார்கள். படைப்பிரிவுக்கு உரிய நிறம் மஞ்சள் என்பதை உறுதிசெய்யச் சீருடை நூலே நம்பகமான துணை. சிவப்புக்கு ஆரஞ்சும் மஞ்சளுக்குப் பழுப்பும் ஏன் என்பதைக் காரணம் சொல்லும் நூல் விளக்கும். மஞ்சளைத் திட்டுத்திட்டாக இல்லாமல் பல மெல்லிய பூச்சுகளாகப் பூசும் கையசைவைக் காணொளி காட்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கற்பவர் ஓரிடத்தில் தடுமாறுவார்.

ஆகவே எல்லைக்கோடு தாளுக்கும் திரைக்கும் இடையில் இல்லை. காரணம் சொல்லும் வழிகாட்டிக்கும் பட்டியல் மட்டும் தரும் வழிகாட்டிக்கும் இடையில்தான் அது இருக்கிறது. காரணம் சொல்லும் காணொளிகளும் உண்டு; பட்டியலோடு நின்றுவிடும் நூல்களும் உண்டு. பட்டியலை மட்டும் பின்பற்றுபவர் அந்த ஓர் உருவத்தை நன்றாக முடிப்பார். அடுத்த உருவத்துக்கு மீண்டும் ஒரு பட்டியலைத் தேடுவார்.

புதிதாகத் தொடங்குவோர் ஒழுங்குமுறைக்கு ஒரு முழுமையான நூலையும், கைப்பழக்கத்துக்குத் தேர்ந்தெடுத்த சில காணொளிகளையும் கொள்வது தகும். ஒரே முறையைப் பலர் செய்துகாட்டும் இருபது காணொளிகளைப் பார்ப்பதைவிட, ஒன்றைப் பார்த்து இருபது முறை செய்துபார்ப்பது பயன் தரும். கலந்த நிறங்களின் அளவையும் சேர்த்த நீரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அருகிலேயே அந்த வண்ணத்தை ஒரு கீற்று பூசி வைக்க வேண்டும். நான்கு மையின் குறையும் திரையின் குறையும் அந்தக் கீற்றுக்கு இல்லை. குப்பியின் பெயர் மாறினாலும், பக்கத்தின் படங்கள் மறைந்தாலும், அதற்கு நேராக வைத்து வேறு வண்ணங்களைக் கலந்து அதே நிறத்தை அடையலாம்.