பந்து எங்க, அண்ணை?

மணல் தரை. இரண்டு அணி. ஓரத்தால் ஒரு பெடியன் பந்தைக் கொண்டு ஓடுகிறான். பின்களக்காரன் ஒருவனை வெட்டிக் கடந்து நடுவுக்குக் கொடுக்கிறான். அங்கே நின்றவன் ஒரே உதை. கோல் காப்பாளன் பாய்கிறான், எட்டவில்லை. அடித்தவன் கையை விரித்துக்கொண்டு ஓட, கூட்டாளிகள் மேலே விழுகிறார்கள். இடையில் ஒரு கழுதை, அவசரமே இல்லாமல், மைதானத்தைக் குறுக்கறுத்துப் போகிறது.

செட்டிகுளத்தில் பயிற்சி முடிந்த ஒரு பின்னேரம் எங்கள் பெடியளுக்கு இந்தக் காட்சியைக் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். ஒரு சின்னத் திரையைச் சுற்றி ஆறேழு தலைகள். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு எங்கள் இடது பின்களக்காரன் கேட்டான்: “பந்து எங்க, அண்ணை?”

பந்து இல்லை. படம் முழுக்கத் தேடினாலும் அந்த ஆட்டத்தில் பந்து கிடைக்காது. படத்தின் பெயர் ‘திம்புக்து’. மொரித்தானிய இயக்குநர் அப்தர்ரஹ்மான் சிசாகோ 2014இல் எடுத்தது. 2012இல் மாலி நாட்டின் திம்புக்து நகரம் ஆயுதக் குழுக்களின் கையில் விழுந்தது. படத்தில் அவர்கள் பாட்டைத் தடுக்கிறார்கள், உதைபந்தாட்டத்தையும் தடுக்கிறார்கள். மீறினால் சவுக்கடி. அதனால் பெடியள் பந்து இல்லாமல் ஆடுகிறார்கள். துப்பாக்கிக்காரர் மோட்டார் சைக்கிளில் சுற்றி வந்தால் ஆட்டம் அப்படியே உடற்பயிற்சியாக மாறிவிடும். அவர்கள் போனதும் மறுபடி ஆட்டம்.

இதை அந்தப் பெடியனுக்கு நான் விளக்கவேண்டியிருந்தது. இதே செட்டிகுளத்தில் 2009இல் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள், போரில் இடம்பெயர்ந்த 2 இலட்சத்துக்கும் அதிகமான சனம் இருந்தபோது அவன் கைக்குழந்தை. 2012 செப்ரெம்பரில் கடைசிக் குடும்பங்களும் வெளியேறி முகாம் மூடப்படும்வரை, கூடாரங்களுக்கு இடையில் ஷொப்பிங் பையைச் சுருட்டித் துணி சுற்றிப் பந்தாக்கி உதைத்த பிள்ளைகள் இன்று அவனுடைய அண்ணன்மார். அவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

சரி, இது விளையாட்டுப் பத்தி. ஆட்டத்தையே அலசுவோம். இல்லாத பந்து ஒன்றை இரண்டு அணியும் சேர்ந்து ஒரே இடத்தில் பார்க்கவேண்டும். ஒருவனுடைய கண் அரை அடி தவறினாலும் ஆட்டம் பொய்யாகிவிடும். உதைத்தவன் எவ்வளவு பலமாய் உதைத்தான் என்பது, அதை மார்பில் வாங்குகிறவனின் உடம்பில் தெரியவேண்டும். பயிற்சியில் நான் தொண்டை கிழியக் கத்துவதும் இதைத்தானே? பந்தையே பார்த்துக்கொண்டு நிற்காதே, இடத்தைப் பார், ஆளைப் பார். 90 நிமிட ஆட்டத்தில் ஒருவனுடைய காலில் பந்து இருப்பது சில நிமிடம்தான். மிச்ச நேரமெல்லாம் பந்தில்லாத ஆட்டம். நல்ல ஆட்டக்காரனை அந்த மிச்ச நேரத்தில்தான் கண்டுபிடிக்கலாம்.

படத்துக்கும் இதே அளவுகோல்தான். ‘வேறு பாஷையில நல்ல விளையாட்டுப் படம் இருந்தால் சொல்லுங்கோ’ என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இது: கோல் எத்தனை விழுகிறது என்று எண்ணாதீர்கள். கமரா பந்தை விட்டுவிட்டு எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். எங்களுக்குப் பழக்கமான படங்களில் கடைசிப் பந்துக்கு ஆறு ஓட்டம் தேவைப்படும், கடைசி நிமிடத்தில் கோல் விழும், கிண்ணம் வானத்துக்கு உயரும். ‘லகான்’, ‘பிகில்’ இரண்டையும் நானும் விசில் அடித்துத்தான் பார்த்தேன். ஆனால் அங்கே வெற்றியே கதையின் முடிவு. நான் சொல்லப்போகும் படங்களில் வென்றவன் அழுகிறான், ரிக்கற் எடுத்தவன் ஆட்டத்தைக் காணவில்லை, அணியே இல்லாமல் ஓர் அணி விமானம் ஏறுகிறது.

முதலாவது, ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் ‘சிறுவர்களின் சொர்க்கம்’, 1997. தங்கச்சியின் சப்பாத்தைத் தைக்கக் கொண்டுபோன அலி அதைத் தொலைத்துவிடுகிறான். வீட்டில் சொன்னால் அப்பாவிடம் வேறொன்று வாங்கக் காசில்லை. காலையில் தங்கச்சி, மத்தியானம் அண்ணன் என்று ஒரே சோடியை மாற்றிப் போட்டுப் பள்ளிக்கூடம் ஓடுகிறார்கள். பிறகு ஓட்டப் போட்டி ஒன்று அறிவிக்கிறார்கள். மூன்றாம் பரிசுதான் சப்பாத்து. அலிக்கு வேண்டியது மூன்றாமிடம், முதலாமிடம் அல்ல.

விளையாட்டு எழுதுகிறவனுக்கு இப்படியொரு ஓட்டம் கிடைப்பது அபூர்வம். முந்தக்கூடியவன் வேகத்தை அடக்கி ஓடுகிறான். முன்னால் போனவர்களை எண்ணிப் பார்த்துத் தன் இடத்துக்குப் பின்வாங்குகிறான். அந்த நேரம் விழுகிறான். எழும்பியபோது கணக்கெல்லாம் குழம்பிவிட்டது, இனி முழு மூச்சு ஓட்டம்தான். கடைசி மீற்றர்களில் எத்தனையாவதாக ஓடுகிறான் என்று அவனுக்கே தெரியாது. முதலாமிடம். வாத்தியார் தூக்கிக் கொண்டாட, அலி மூன்றாம் பரிசையே பார்க்கிறான். அலியாக நடித்த அமீர் பரோக் ஹாஷெமியானின் அந்த முகத்துக்கு நிகராகப் பெரிய நடிகர் எவரையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் பரிந்துரை வரை போன முதல் ஈரானியப் படம் இதுதான். எங்கள் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளில் வெறுங்காலோடு சுடுமண்ணில் ஓடியவர்கள் இதை மொழி தெரியாமலே பார்க்கலாம்.

இரண்டாவது, ஜாபர் பனாகியின் ‘ஓஃப்சைட்’, 2006. பேர்லின் விழாவில் வெள்ளிக் கரடி வென்றது, ஈரானில் தடை. 2005 ஜூன் 8, தெஹ்ரான் ஆசாதி மைதானம். பஹ்ரைனை வென்றால் ஈரானுக்கு ஜேர்மனி உலகக்கிண்ணம். பெண்களுக்கு உள்ளே இடமில்லை. ஆண்பிள்ளை உடுப்பில் நுழையப் பார்த்துப் பிடிபட்ட பெண்பிள்ளைகளை, பார்வையாளர் பகுதிக்குப் பின்னால் கம்பி அடைப்புக்குள் நிறுத்துகிறார்கள். கூட்டத்தின் இரைச்சல் கேட்கும். ஆட்டம் தெரியாது. படம் பார்க்கிற எங்களுக்கும் தெரியாது. பனாகி அந்த ஆட்டம் நடந்த நாளில் அந்த மைதானத்திலேயே படம் பிடித்தார். ஆனாலும் கமராவைப் பெண்பிள்ளைகளோடு வெளியில் நிறுத்திவிட்டார். எதிரே கிடக்கிற உலகக்கிண்ணத் தகுதி ஆட்டத்தைக் காட்டாமல் விடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

காவலுக்கு நிற்கிறவர்கள் கட்டாயச் சேவைக்கு வந்த ஊர்ப் பெடியள். ஒருவனுக்கு ஊரில் விட்டுவந்த மாடுகளின் கவலை. இன்னொருவன், கேட்கிறார்களே என்று, இடைவெளியால் ஆட்டத்தை எட்டிப் பார்த்து நேர்முக வர்ணனை சொல்லத் தொடங்குகிறான். பூட்டிவைத்தவனே கண்ணாக மாறுகிற இந்த இடம்தான் படத்தின் உயிர். மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் வர்ணனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு, காதால் ஆட்டம் பார்ப்பது என்றால் என்னவென்று தெரியும். அந்தப் பெண்பிள்ளைகளின் நடிப்பையும் காதிலிருந்துதான் எடைபோட வேண்டும். இரைச்சல் ஏறும்போது ஒருத்தியின் தோள் விறைக்கிறது, இறங்கும்போது இன்னொருத்தியின் கை தளர்கிறது. ஈரான் 1–0 என வென்றது. 2019 ஒக்ரோபர் 10இல் ஈரான் கம்போடியாவை 14–0 என வென்ற நாளில்தான், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, அதே மைதானத்தில் பெண்கள் ரிக்கற் எடுத்து உட்கார்ந்தார்கள்.

அப்பாஸ் கியாரொஸ்தமியின் ‘பயணி’ (1974) இதற்குத் தாத்தா முறை. மலாயர் என்ற ஊர்ப் பெடியன் தெஹ்ரானில் ஆட்டம் பார்க்கக் காசு சேர்க்கிறான். சேர்க்கிற வழி அத்தனையும் களவு. பிலிம் இல்லாத கமராவால் பள்ளிப் பிள்ளைகளைப் படம் பிடிப்பதாக ஏமாற்றிக் காசு வாங்குகிறான். வரிசையில் நிற்கிறான், இவன் முறை வரும்போது ரிக்கற் முடிகிறது, கூடுதல் விலைக்கு வாங்கி உள்ளே போய்விடுகிறான். ஆட்டம் தொடங்க நேரம் இருக்கிறதே என்று வெளியே சுற்றியவன் புல்லில் சாய்ந்து நித்திரையாகிறான். விழித்து ஓடிப் போய்ப் பார்த்தால் வெறும் மைதானமும் குப்பையும். அடுத்தவரை ஏமாற்றியதற்குக் கிடைத்த தண்டனையா, வெறும் களைப்பா? கியாரொஸ்தமி சொல்லவில்லை. மத்தியஸ்தர் விசில் ஊதாமலே முடிகிற ஆட்டம் அது.

கொஞ்சம் சிரிக்க வேண்டுமென்றால் ‘கிண்ணம்’, 1999. இயக்குநர் கியன்ட்சே நோர்பு பூட்டான் நாட்டு பௌத்த குரு. இமாசலப் பிரதேசத்தின் பீர் என்ற ஊரில் உள்ள திபெத்திய மடாலயத்தில், அங்கே வாழும் துறவிகளையே நடிக்க வைத்தார். 1998 உலகக்கிண்ண இறுதி, பிரான்ஸ்–பிரேசில். குட்டித் துறவி ஒருவன் ரீவியும் அன்ரனாவும் வாடகைக்கு எடுக்க ஊரெல்லாம் காசு சேர்க்கிறான். குறைகிற காசுக்கு, புதிதாய் வந்த அகதிப் பிள்ளையின் கைக்கடிகாரம் அடகுக்குப் போகிறது. அது அம்மா கொடுத்தது. ஆட்டம் தொடங்கியபின், இத்தனைக்கும் ஓடித்திரிந்தவனால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. கடிகாரத்தை மீட்க என்ன வழி என்று எழும்பிப் போகிறான். ‘டெக்’கும் ரீவியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து விடியவிடியப் படம் பார்த்த தலைமுறை இதைத் தன் கதையென்றே சொல்லும்.

இனி எங்கள் தீவு. ‘மச்சான்’, 2008. சிங்களமும் தமிழும் பங்குபோட்டுக்கொண்ட சொல்லே படத்தின் பெயர். நெறியாள்கை இத்தாலியரான உபர்ட்டோ பசோலினி. ருவந்தி டி சிக்கேராவோடு சேர்ந்து எழுதினார். கதைக்கு மூலம் உண்மைச் சம்பவம். 2004இல் இலங்கைத் தேசியக் கைப்பந்தாட்ட அணி என்று சொல்லி 23 பேர் ஜேர்மனியின் பவேரியாவுக்குப் போனார்கள். கைப்பந்தாட்டம் என்றால் கரப்பந்தாட்டம் அல்ல. பக்கத்துக்கு 7 பேர், பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம். அப்படியொரு தேசிய அணி அப்போது இலங்கையில் இல்லவே இல்லை. உள்ளூர்க் கழகங்களிடம் படுதோல்வி அடைந்தார்கள். ஒரு நாள் விடிந்து பார்த்தால் அணியைக் காணவில்லை.

ஆட்டமாகப் பார்த்தால் இது தலைகீழ்ப் பாடம். ஆட்டம் தெரியாதவனாக நடிப்பது கடினம், அதிலும் தெரிந்தவனாகப் பாசாங்கு செய்யும் தெரியாதவனாக நடிப்பது இன்னும் கடினம். பந்து எங்கேயோ போக, ஏழு பேரும் எங்கேயோ ஓடுகிறார்கள். வயிறு நோகச் சிரிக்கிறோம். ஆனால் வீசாவுக்காக வரிசையில் நிற்கும் காட்சியில் எங்கள் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிடும். ஏஜென்சிக்குக் காணியை ஈடுவைத்துக் காசு கட்டாத தெரு வன்னியில் ஏது? அந்த அணியில் ஒருவராக வரும் தர்ஷன் தர்மராஜைக் கவனியுங்கள். 2022இல், 41 வயதில், எங்களை விட்டுப் போன தமிழ்க் கலைஞர். அவரை முழுதாகப் பார்க்க, அசோக ஹந்தகம 2012இல் தமிழில் எடுத்த ‘இனி அவன்’ இருக்கிறது. போர் முடிந்து ஊர் திரும்பும் முன்னாள் போராளி. ஊர் அவனை எப்படிப் பார்க்கிறது என்பதுதான் கதை.

இந்தப் பத்தியில் சிங்களப் படத்தை ‘அயல்மொழி’க் கணக்கில் சேர்த்ததற்கு ஒருவர் கோபிக்கலாம். மதவாச்சி எங்களுக்கு ரெயிலில் கிட்டத்தான். இருந்தும் எங்கள் பெடியளில் பலர் சிங்களப் படத்தைச் சப்ரைற் வாசித்துத்தான் பார்க்கிறார்கள். உண்மையை எழுதுகிறேன், பெருமையாக அல்ல.

மாற்று ஆட்டக்காரராக ஒருவர்: ‘பேர்னின் அதிசயம்’, 2003, ஜேர்மன் படம். 1954 இறுதியில் மேற்கு ஜேர்மனி ஹங்கேரியை 3–2 என வென்ற கதை. பந்து நிறையவே தெரியும். ஆனாலும் சோவியத் சிறைமுகாமில் பல வருடம் கிடந்து வீடு திரும்பும் தகப்பனும், அவரை முன்பின் கண்டறியாத மகனும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடும் காட்சிகளுக்காகச் சேர்க்கிறேன்.

இறக்கும் ஒழுங்கு முக்கியம். ‘சிறுவர்களின் சொர்க்கம்’ முதலில். வீட்டில் எல்லாரும் பார்க்கலாம். அடுத்தது ‘கிண்ணம்’, பிறகு ‘மச்சான்’, பிறகு ‘ஓஃப்சைட்’. பொறுமை கூடியபின் ‘பயணி’. ‘திம்புக்து’ கடைசிக்கு, கல்லெறிந்து கொல்லும் காட்சி உண்டு, சிறுபிள்ளைகளோடு வேண்டாம்.

ஒரேயொரு முறைப்பாடு எல்லாரிடமும் கேட்கும்: ‘எழுத்து ஓடுது, வாசிக்க ஏலாது.’ அதற்கும் வழி கண்டோம். போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, இரவல் புரொஜெக்டரில், சனசமூக நிலையத்தின் வெள்ளைச் சுவரில் ‘ஓஃப்சைட்’ போட்டோம். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பார்த்து நான் தமிழில் சொல்லிக்கொண்டு நின்றேன். அந்தக் காவலாளி வர்ணனை சொல்லும் இடம் வந்தது. அவன் அங்கே சொல்ல, அவன் சொன்னதை நான் இங்கே சொல்ல, பெடியள் சத்தமில்லாமல் இருந்தார்கள். முன்வரிசை முழுக்க அவர்கள்தான். வேறு யாரையும் கூப்பிடவேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

அப்போது வேலிக்கு வெளியே, இருட்டுக்குள், சைக்கிள்களோடு நின்ற பெண்பிள்ளைகளில் ஒருத்தியின் குரல் கேட்டது: “அண்ணை, கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கோ. இங்கால கேக்கேல்லை.”

நிறுத்திவிட்டுப் படலையைத் திறக்கப் போனேன்.