பிணக்கின் பெயர்கள்

ஒரு மக்கள் எதனை நுணுகி நோக்கினர் என்பதை அவர்தம் சொற்களே காட்டிக் கொடுக்கும். ஆங்கிலேயர் பிணக்கை மிக நுணுகி நோக்கியவர்கள். அதற்கு அவர்கள் இட்டுள்ள பெயர்கள் பலப்பல. அவற்றை ஓரிடத்தே காண விழைவோர் நாடும் நூல், பீட்டர் மார்க் ரோஜே என்னும் மருத்துவர் 1852இல் வெளியிட்ட தெசாரஸ். நம் திவாகர நிகண்டைப் போன்று, சொற்களை அகரவரிசையில் அன்றிப் பொருள்வகையால் தொகுத்த நூல் அது. பள்ளிப் பிள்ளைகளும் கையாளும் நூலாதலின், அதன் நிறைகுறைகளை எண்ணிப் பார்த்தல் தகும்.

நிறையை முதலில் சொல்வோம். ‘டிஸ்கார்ட்’ என்ற பிணக்கையும் ‘கான்கார்ட்’ என்ற இணக்கத்தையும் ரோஜே எதிரெதிரே வைத்தார். நோயின் பக்கத்திலேயே மருந்தையும் வைத்த மருத்துவர் அவர். அதனினும் சிறந்தது மற்றொன்று. சினத்தை உணர்ச்சிகளுக்குரிய பகுதியில் வைத்த அவர், பிணக்கை அங்கே வைக்கவில்லை. மனிதனின் விருப்பத்தால் நிகழும் செயல்களுக்குரிய பகுதியில் வைத்தார். சினம் தானே எழலாம். சண்டை தானே எழுவதில்லை. அது நாம் நாடிச் செய்வது; ஆதலின் அதற்குப் பொறுப்பும் நம்முடையதே. இந்த ஒரு பகுப்புக்காகவே அவரைப் பாராட்டலாம்.

இனிக் குறை. ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றுவனவற்றின் வேறுபாட்டை ஆராய்தல் தனித்துறை என்றும், தாம் அதில் புகவில்லை என்றும் ரோஜே முன்னுரையிலேயே கூறிவிட்டார். ஆயினும் முன்னுரையைப் படியாது நூலைப் புரட்டுவோரே மிகுதி. ஒரே தட்டில் அடுக்கியவை ஒரே எடையுள்ளவை என்னும் மயக்கம் அவர்களுக்கு உண்டாகிறது. ‘ஸ்குவாபிள்’ என்பது சிறு பொருளுக்காக எழும் கூச்சல். ‘ஃபியூட்’ என்பதோ தலைமுறை தலைமுறையாய்த் தொடரும் குடிப்பகை. பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பியர்க்குள் எழுந்த மனத்தாங்கலை ஃபியூட் என்று ஒரு பிள்ளை எழுதினால், ஆற வேண்டிய புண்ணை ஆறாத புண்ணாக்கி விடுகிறது அவ்வெழுத்து.

அரபு மொழியில் இத்துறையை வேறு விதமாக நடத்தியவர் இமாம் ஸஆலிபீ. கி.பி. 1038இல் மறைந்த அவர், தம் ‘ஃபிக்ஹுல் லுகா’வில் அன்பு, சினம் போன்றவற்றின் சொற்களைப் படிப்படியாக நிரல்படுத்திக் காட்டினார். எது முதற்படி, எது முற்றிய நிலை என்பது கற்போனுக்கு அங்கே விளங்கும். ரோஜேயின் களஞ்சியத்தில் இல்லாதது இந்த ஏணிதான்.

ஏணியை நாமே அமைத்துக் கொள்ளலாம். அதற்குச் சொற்களின் வேர்கள் துணை செய்யும். ‘குவாரல்’ என்பது முறையிடுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வேரில் பிறந்தது. சண்டைக்காரன் நெஞ்சில் யாரும் செவிசாய்க்காத முறையீடு ஒன்று கிடக்கலாம் என்பதை அது நினைவூட்டுகிறது. ‘ரைவல்’ என்பதன் வேர் நீரோடை. ஒரே ஓடையில் நீர் கொள்வோரை அது குறித்தது. தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் ஏன் பிணங்குகின்றனர் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமோ? ‘டிஸ்கார்ட்’ இதயங்களின் விலகல். ‘டிபேட்’ என்பதன் வேர் அடித்தல். இன்றோ அது அவையில் முறையோடு சொல்லாடுதல். கையோங்கிய சொல் நாகரிகம் பெற்று உயர்ந்தது.

‘கான்ஃப்ளிக்ட்’ என்பதற்கு ஒன்றோடொன்று மோதுதல் என்பது பொருள். அடித்தவன் யார், அடிபட்டவன் யார் என்பதை இச்சொல் சொல்லாது. 1956இல் எகிப்தின்மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசிய பின்னர், இது போர் அன்று, ஆயுத மோதலே எனப் பிரதமர் ஈடன் நாடாளுமன்றத்தில் வாதிட்டார். வட அயர்லாந்தில் 1960களின் இறுதி முதல் 1998 உடன்படிக்கை வரை 3,500க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அதற்கு வழங்கும் பெயரோ ‘ட்ரபிள்ஸ்’, அதாவது தொல்லைகள்! வீட்டுப் பிணக்குக்குப் பெரிய பெயரும் நாட்டுக் கொலைக்குச் சிறிய பெயரும் இடுவது சொற்குற்றத்தோடு நில்லாது. அது நீதிக் குற்றமும் ஆகும்.

ஆகவே ஆசிரியர்களும் பெற்றோரும் ஒன்று செய்யலாம். பிள்ளை இக்களஞ்சியத்திலிருந்து ஒரு சொல்லை எடுக்குமுன் மூன்று வினாக்களைக் கேட்கட்டும்: முதலில் கையோங்கியவர் யார்? எத்தனை நாள் நீடித்தது? இழந்தது என்ன? விடைக்குப் பொருந்தும் சொல்லையே எடுக்கட்டும்.

நாம் அன்றாடம் வழங்கும் ‘தகராறு’ என்ற சொல்லும் இவ்விடத்தே எண்ணத்தக்கது. அது அரபியின் ‘தக்ரார்’. உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. அதன் மூலப்பொருள் திரும்பத் திரும்பச் சொல்லுதல். ஒருவர் சொல்லியதையே சொல்ல, மற்றவரும் தம் சொல்லையே சொல்ல, தகராறு வளர்கிறது. இருவரில் ஒருவர் நிறுத்திவிட்டால் அச்சொல்லுக்கு அங்கே வேலையில்லை.