அறுவைக்கூடம்

வேலையில்லாத ஒரு பகலில், எந்த அவசரமும் இல்லாமல் நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஏற்ற படம் சாம் ரெய்மியின் ‘ஸ்பைடர்மேன் 2’ (2004). சாகசங்களில் மயங்கிவிடாமல், அவை எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று கவனித்தால் ருசி கூடும்.

அறுவைக்கூடக் காட்சியையே எடுத்துக்கொள்ளலாம். மயங்கிக் கிடக்கும் விஞ்ஞானி, படத்தின் வில்லன் ஆக்டேவியஸின் முதுகிலிருந்து இயந்திரக் கைகளை அறுத்தெடுக்க மருத்துவர்கள் ரம்பத்தை எடுக்கிறார்கள். கைகள் விழித்துக்கொள்கின்றன. அதன்பின் இசை இல்லை. அலறலும் உலோகச் சத்தமும்தான். சுவரில் நிழல்கள் ஆடுகின்றன. இழுத்துச் செல்லப்படும் ஒரு பெண்ணின் நகங்கள் தரையைக் கீறுகின்றன. ரத்தம் காட்டாமலே நடுங்க வைக்கும் இந்த வித்தை, 1981இல் ‘ஈவில் டெட்’ என்ற திகில் படத்தை எடுத்த ரெய்மிக்குக் கைவந்த கலை. இயந்திரக் கைகளைக் கணினி வரைகலையால் மட்டுமல்லாமல், பொம்மலாட்டக் கலைஞர்களைக் கொண்டும் இயக்கினார்கள். ஆக்டேவியஸாக நடித்த ஆல்ஃபிரட் மொலினாவின் முகத்தருகே அவை உயிருள்ள பாம்புகள்போல் நெளிவது அதனால்தான். சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்கு நியாயமாகவே கிடைத்தது.

ஸ்பைடர்மேனும் ஆக்டேவியஸும் மோதும் ரயில் சண்டையும் அபாரம். நியூயார்க் என்று காட்டப்படும் அந்த உயர்மட்டப் பாதையின் பெரும்பகுதி சிகாகோவில் படமானது.

குறை ஒன்று உண்டு, சின்னதல்ல: அத்தனை நுணுக்கமாக எழுதப்பட்ட, நாயகன் காதலிக்கும் மேரி ஜேனை உச்சக்கட்டத்தில் சங்கிலியில் கட்டிக் கத்தவிட்டிருக்கிறார்கள்.