கீரை ஆயும் பெட்டி

மும்பை லோக்கல் ரயிலின் மகளிர் பெட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் ஒரு காட்சியைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். மாலையில் வீடு திரும்பும் பெண்கள் மடியில் பையை விரித்துக் கீரை ஆய்கிறார்கள், பட்டாணி உரிக்கிறார்கள். இதைத் தோழமை என்றும் பெண்வெளி என்றும் கொண்டாடுவது வழக்கம். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிவந்தேன். நெரூலில் அக்கா வீட்டில் தங்கி, ஹார்பர் பாதையில் அவளோடு போய்வந்த பிறகு அந்த வாசிப்பைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

நவி மும்பை காகிதத்தில் பிறந்த நகரம். 1965இல் ‘மார்க்’ இதழில் சார்லஸ் கோரியா, பிரவீணா மேத்தா, ஷிரீஷ் படேல் மூவரும் அதை முன்மொழிந்தார்கள். மேத்தா என்ற பெண் கட்டடக் கலைஞரின் பெயர் இன்றும் கோரியாவின் பெயருக்குப் பின்னால்தான் நிற்கிறது. நகரை உருவாக்க 1970இல் சிட்கோ நிறுவனம் தொடங்கப்பட்டது. வேலையும் வீடும் தாணே கடற்கழிக்கு அக்கரையிலேயே அமைந்தால் மும்பைக்கு ஓட வேண்டியதில்லை என்பதே திட்டத்தின் அடிப்படை. வீடுகள் வந்தன, எதிர்பார்த்த அளவுக்கு அலுவலகங்கள் வரவில்லை. ரயில் கழியைக் கடந்து வாஷியை எட்டியது 1992இல்தான். அந்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கைச் சிட்கோ ஏற்றது. ஓட்டத்தைத் தவிர்க்க எண்ணிய நகரம், ஓட்டத்துக்கான பாதையில் பணம் போட வேண்டிவந்தது.

சி.எஸ்.எம்.டி.யிலிருந்து பன்வெல் வரை சுமார் 49 கிலோமீட்டர், ஏறக்குறைய 80 நிமிடம். கால அட்டவணை கணக்கிடுவது இதை மட்டும்தான். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே குழந்தைக் காப்பகம், காய்கறிக் கடை, மாமியாரின் மருந்து என்று ஒரு பெண் நின்று நின்று போகும் பயணம் அதில் இல்லை. அந்த வேலைகளுக்கு நேரம் போதாதபோது அவை ரயிலுக்குள் வந்துவிடுகின்றன. அக்காவின் சமையல் குர்லாவிலேயே தொடங்கிவிடுகிறது.

“இப்பவே ஆஞ்சு வச்சிட்டா வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் உக்காரலாம்னு பாக்குறேன்டி” என்றாள். “உக்காந்தியா?” என்று கேட்டேன். சிரித்தாள்.

அந்தப் பெட்டியின் தோழமை பொய் என்று நான் சொல்லவில்லை. இடம் பிடித்து வைப்பதும் துக்கம் கேட்பதும் உண்மை. ஆனால் கீரைக்கட்டை அந்தத் தோழமையின் அடையாளமாக்கும்போது, ஊதியமில்லாத உழைப்பை அழகுபடுத்திவிடுகிறோம். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ (2011), காரணம் எதுவுமில்லாமல் பொதுவெளியில் இருக்கும் உரிமையைப் பெண்களுக்காகக் கேட்டது. அந்த உரிமை ரயில் பெட்டிக்குள்ளும் வேண்டும். மடியில் எதுவும் இல்லாமல், வாஷி பாலத்தில் கழியைப் பார்த்தபடி அக்கா வீடு திரும்ப வேண்டும்.