நாணன் என்னும் ஆசான்: கண்ணப்பர் வரலாற்றில் வேடர் அறிவு

சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்துள் கண்ணப்ப நாயனார் வரலாற்றை அறியாத தமிழர் இலர். அன்புக்கு எல்லை கண்ணப்பர் என்பது மணிவாசகர் காலந்தொட்டு வழங்கிவரும் முடிபு. அம்முடிபை மறுப்பது நம் நோக்கமன்று. அதனோடு ஒட்டிக்கொண்டு வந்த மற்றொரு முடிபே ஈண்டு நம் ஆராய்ச்சிக்கு உரியது. திண்ணனார் ஒன்றும் அறியாதவர். அறியாமையால் அவர் செய்த பிழைகளையெல்லாம் அன்பு ஒன்றே பொறுத்துக்கொள்ளச் செய்தது. ஆதலின் அன்பிருப்பின் அறிவு வேண்டா என்பதே அது. மேடைதோறும் முழங்கும் இக்கருத்து சேக்கிழார் வாக்குக்குப் பொருந்துமா என்று காண்போம்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்ளுதல் முறை. சில ஆண்டுகட்கு முன், நம் ஊர் இராமகுப்பத்தில் நிகழ்ந்த கூட்டமொன்றில் நாமும் இதே கருத்தையே பேசினோம். கூட்டம் முடிந்தபின் முதிய உழவர் ஒருவர் நம்மை அணுகினார். யானை வரவை எதிர்நோக்கி இரவெல்லாம் நிலத்தில் காவல் கிடப்பவர் அவர். "கறி வெந்துச்சா இல்லையான்னு கடிச்சுப் பார்க்காம எவன் ஐயா அடுத்தவனுக்குக் குடுப்பான்? அது அறியாமையா?" என்று கேட்டார். நடுவணரசு அலுவலகத்தில் கோப்புகளோடு நாள் கழிக்கும் நமக்கு மறுமொழி தோன்றவில்லை. வீடு சென்று நூலை மீண்டும் விரித்தோம். அவ்வாறு விரித்துக் கண்டவையே இக்கட்டுரை.

நிலமும் நூலும்

இராமகுப்பம் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், ஆந்திரம், தமிழகம், கருநாடகம் ஆகிய மூன்றும் கூடும் பகுதியில் உள்ளது. கண்ணப்பர் கதையை இம்மூன்று மொழியினரும் தம்முடையதெனக் கொள்வர். தமிழில் சேக்கிழாருக்கு முன்பே நக்கீரதேவ நாயனாரும் கல்லாடதேவ நாயனாரும் கண்ணப்பரைப் பற்றித் தனித்தனியே மறம் பாடினர். அவை பதினோராம் திருமுறையுள் உள்ளன. தெலுங்கில் 16-ஆம் நூற்றாண்டுப் புலவராகிய தூர்சடி, காளத்தி மான்மியத்துள் திண்ணனைப் பாடினார். 1954-இல் கன்னடத்தில் வெளிவந்த 'பேடர கண்ணப்பா' திரைப்படத்தால் இவ்வரலாறு நூலறியா மக்களிடமும் பரவியது. திண்ணனார் பிறந்த பொத்தப்பி நாடு கடப்பைப் பகுதி என்பர் ஆராய்ச்சியாளர். அவர் கண் கொடுத்த காளத்தி இன்று திருப்பதி மாவட்டத்தில் உளது.

வேடர் வாழ்வைப் பாலையோடு சேர்த்துப் பாடுவது தமிழ் மரபு. பாலை என்றவுடன் மணற்பரப்பை எண்ணுதல் வேண்டா. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை எனச் சிலப்பதிகாரம் விளக்கும். அந்நிலத்து எயினரைக் காட்டும் நூல்களுள் தலையாயது, கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சி வேந்தன் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய பெரும்பாணாற்றுப்படை. எயிற்றியர் கடப்பாரை கொண்டு கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டுவதும், அதனை நிலவுரலில் குற்றுவதும், உவர்க்கிணற்று நீரில் உலையேற்றுவதும், வாட்டிய ஊனோடு தேக்கிலையில் இட்டு வழிப்போக்கர்க்கு அளிப்பதும் அந்நூலிற் காண்க. ஆடவர் நள்ளிரவில் நீர்நிலையருகே குழியிற் பதுங்கிப் பன்றியின் வரவு பார்ப்பர்; பகலில் நாயும் வலையும் கொண்டு முயல் பிடித்துக் கூடியிருந்து உண்பர். வறண்ட நிலத்தில் தனித்து உண்பவன் நெடுநாள் வாழான். ஆதலின் பகிர்தல் அவர்க்கு வாழும் முறையாயிற்று.

பகிரும் கையும் அடங்கிய வாயும்

புறநானூற்றின் 150-ஆம் பாட்டில் வன்பரணர் தம் பட்டறிவு ஒன்றைக் கூறுகின்றார். வழிநடையால் தளர்ந்து பலாமரத்தடியில் இருந்த அவர்முன் மான் வேட்டையாடிய ஒருவன் வருகின்றான். அவனுடைய கூட்டத்தார் இன்னும் வந்து சேரவில்லை. அவர்க்காகக் காத்திராமல், தீக்கடைகோலால் தானே தீ மூட்டி ஊனைச் சுட்டுப் புலவர்க்கும் அவர் சுற்றத்தார்க்கும் தருகின்றான். பின்னர் மார்பில் அணிந்த ஆரத்தையும் முன்கையில் அணிந்த கடகத்தையும் கழற்றிக் கொடுக்கின்றான். நாடு யாது என வினவினால் சொல்லான். பெயர் யாது என வினவினாலும் சொல்லான். அவன் தோட்டிமலைத் தலைவன் நள்ளி என்பதைப் பிறர் வாய்க் கேட்டே புலவர் அறிகின்றார்.

இப்பாட்டை வள்ளலின் அடக்கத்துக்குச் சான்றாகவே காட்டுவர். வேட்டுவ மரபின் அடக்கமும் அதனுள் உண்டு என்பது நம் கருத்து. ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைநிலத்து வேடரிடையே தங்கி ஆராய்ந்த மானிடவியலறிஞர் ரிச்சர்டு லீ, 1969-இல் எழுதிய கட்டுரையொன்றில் இதற்கு ஒப்பான வழக்கத்தை விளக்கினார். பெருவிலங்கை வீழ்த்தியவன் குடியிருப்புக்குத் திரும்பியவுடன் அதைப் பறைசாற்றான், பேசாது அமர்ந்திருப்பான். கேட்டால், சொல்லத்தக்கது ஒன்றுமில்லை என்பான். பிறரும் அவன் கொன்றதை இழித்தே பேசுவர். வேட்டையால் ஒருவனுக்குச் செருக்கு ஏறிவிடக் கூடாது என்பதே அதன் உட்கோள். அம்பு எய்தவன் ஒருவனாக, அம்புக்கு உடையவன் வேறொருவனாக இருத்தலும் அங்கு உண்டு. அம்புக்கு உடையவனே ஊனைப் பங்கிடுவான். கடல் கடந்த பாலையிலும் நம் பாலையிலும் வேடன் தன் வீரத்தைப் பற்றிச் சொல் அடக்குகின்றான். ஊனைப் பங்கிடுதலில் கை அடக்குவதில்லை.

ஆயின் வேடர் பேசாதவரா? அற்றன்று. தம் பெருமையைப் பேசார். கண்டதையும் கேட்டதையும் பேசுவர். எந்த மலையில் நீர் உண்டு, எந்தத் தடம் எந்த விலங்கினுடையது, எந்தப் புண்ணுக்கு எந்தப் பச்சிலை என்பன ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குச் செல்லாவிடின் அக்குடி அழியும். இச்செய்திப் பகிர்வே திண்ணனார் வரலாற்றின் அச்சாணி என்பதை இனிக் காட்டுவோம்.

நாணன் சொன்ன செய்தி

வேட்டை தாழ்த்தமையால் விலங்குகள் பெருகிப் புனத்தை அழிக்கின்றன என்று வேடர் திரண்டு வந்து நாகனிடம் முறையிடுகின்றனர். முதுமையுற்ற நாகன், பதினாறு ஆண்டு நிரம்பிய தன் மகனிடம் உடைதோலும் சுரிகையும் அளித்துத் தலைமையை ஒப்படைக்கின்றான். பின் நிகழும் வேட்டையைப் பாடுங்கால் சேக்கிழார் ஒரு செய்யுளில் நிறுத்திச் சொல்லும் செய்தி கருதத்தக்கது. யானைக்கன்றைத் தொடரார்; சிறு குருளைகளைக் கொல்லார்; கருவுற்றுத் தளர்ந்த பிணையை அலைக்கார். கொலைத்தொழிலுக்கும் ஒரு வரம்பு உண்டு. அவ்வரம்பை அறிந்தோர் இவ்வேடர். இவரையோ ஒன்றும் அறியாதவர் என்பது?

வலையை அறுத்தோடிய பன்றியைத் திண்ணனாரும், நாணன், காடன் என்னும் இருவரும் துரத்திச் சென்று வீழ்த்துகின்றனர். பசியும் நீர்வேட்கையும் மிகுகின்றன. நீர் எங்குளது எனத் திண்ணனார் வினவ, தேக்கமரக் காட்டுக்கு அப்பால் பொன்முகலி ஓடுகின்றது என நாணன் விடை கூறுகின்றான். காளத்தி மலையைக் காட்டி, அங்கே குடுமித்தேவர் உளர் என்பவனும் அவனே. காடன் தீ மூட்ட இருக்கின்றான். மற்றிருவரும் மலை ஏறுகின்றனர்.

இறைவன் திருமுடியில் பச்சிலையும் பூவும் கண்ட திண்ணனார், இவற்றை இட்டவர் யார் என வியக்கின்றார். அப்பொழுது நாணன் கூறும் விடையே வரலாற்றின் திருப்பம். முன்னொரு நாள் உன் தந்தையோடு இம்மலைக்கு வேட்டையாட வந்தோம், அன்று ஒரு பார்ப்பான் குளிர்ந்த நீரை இவர்மேல் ஆட்டினான், இலையும் பூவும் சூட்டினான், உணவு ஊட்டினான், சில சொற்களைச் சொன்னான், இன்றும் அவனே செய்திருப்பான் என்பது அவ்விடையின் கருத்து. வேட்டைக்கு வந்தவிடத்துக் கண்ட ஒரு காட்சியைப் பல்லாண்டு நினைவில் வைத்து, வேண்டியபோது ஒன்றும் கூட்டாது குறையாது எடுத்துரைக்கின்றான் நாணன். இறைவனுக்கு இனியவை இவையே போலும் எனத் திண்ணனார் அதனைக் கடைப்பிடியாகக் கொள்கின்றார்.

நாணன் சொல்லையும் திண்ணனார் செயலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நீர் ஆட்டினான் என்றான். திண்ணனார் வாயில் பொன்முகலி நீர் ஏந்தினார். பூச்சூட்டினான் என்றான், தம் குடுமியில் பூக்கொண்டார். ஊட்டினான் என்றான், பதமாகக் காய்ச்சிய ஊனைச் சுவை கண்டு தேக்கிலையில் வைத்துப் படைத்தார். செயல் முறை பிறழவில்லை, கருவிகளே வேறு. ஒரு கையில் வில்லும் மறு கையில் ஊனும் இருக்க, நீருக்கு வாயும் பூவுக்குத் தலையும் அன்றி வேறு இடம் யாது? ஆகமம் வல்ல சிவகோசரியார்க்கு நூல் இருந்தது. திண்ணனார்க்கு நாணன் இருந்தான். நாணன் பெயரைப் பாராட்டிய உரைமேடை ஒன்றையும் நாம் கண்டதில்லை.

பிற செயல்களும் இவ்வாறே. இரவு முழுதும் வில்லேந்தி நின்றது, காட்டில் துணையற்றவரைக் காக்கும் வேடர் வழக்கு. இறைவன் கண்ணில் குருதி கண்டவுடன் அவர் முதலிற் செய்தது எய்தவன் யார் எனத் தேடியது. அடுத்துச் செய்தது பச்சிலை தேடிப் பிழிந்தது. அது பயன் தராதபோதே, தசையின் நோய்க்குத் தசையே மருந்து என்று முன்பு கேட்டிருந்த மொழி நினைவுக்கு வருகின்றது. கண்ணை இடந்து அப்பிய அந்த ஒப்பற்ற செயலுக்கும் வித்து, முன்னோர் சொல்லக் கேட்ட மருத்துவச் சொல்லே ஆகும்.

முறிந்த பங்கு

எதிர்வாதம் ஒன்று எழும். திண்ணனாரின் செயல் வேடர் மரபே ஆயின், உடன் வந்த வேடர் அவரைப் பித்தர் எனக் கருதியது ஏன்? இவ்வினாவுக்கும் சேக்கிழாரே விடை வைத்துள்ளார். ஊனை வாயில் அதுக்கிப் பார்த்து நல்லதைத் தனியே எடுத்து எஞ்சியதை எறிகின்ற திண்ணனாரைக் கண்டு நாணனும் காடனும் தம்முள் பேசிக்கொள்வது யாது? இவனுக்குப் பெரும்பசி உண்டு, ஆயினும் உண்ணவில்லை. பேச்சும் இல்லை. நமக்குப் பங்கு தர வேண்டும் என்னும் உணர்வும் இல்லை. இவையே அவர்கள் கண்ட பித்தின் அடையாளங்கள்.

வேடர் வாழ்வுக்கு இரு தூண்கள் உண்டு என்றோம்: ஊனைப் பங்கிடுதல், செய்தியைச் சொல்லுதல். திண்ணனார் அவ்விரண்டையும் ஒருங்கே விட்டார். கூட்டம் கொடுத்த அறிவைக் கொண்டே கூட்டத்தினின்று அவர் பிரிந்தார். நாகனும் தேவராட்டியும் வந்து அழைத்தும் திரும்பவில்லை. அவர் கண்ணை இழந்தது ஆறாம் நாள். சுற்றத்தை இழந்தது முதல் நாளே. இவ்விழப்பின் பெருமையை உணர வேண்டுமாயின், அவர் விட்ட வாழ்வு முறையும் அறிவும் உடையது என்பதை ஒப்ப வேண்டும். ஒன்றுமில்லாத வாழ்வை விட்டவன் எதைத் துறந்தான்? வேடரை அறிவிலிகள் ஆக்குவதால் திண்ணனாரின் அன்பு உயர்வதில்லை. அதன் விலை குறைகின்றது.

சிவகோசரியார் கனவில் இறைவன் கூறுவதும் நம் கருத்துக்கு அரண். அவன் வடிவம் அன்பு என்பதோடு இறைவன் நிறுத்தவில்லை. அவனிடத்து உள்ள அறிவு தன்னை அறியும் அறிவு என்றும் உரைக்கின்றான். அறிவில்லாதவன் எனினும் பொறுத்தோம் என்பது அக்கனவில் இல்லை.

காவியத்தில் நமக்கு ஒரு குறையும் தோன்றுகின்றது. செய்தி சொல்லச் சென்ற நாணனும் காடனும் அதன்பின் கதையினின்று மறைகின்றனர். திண்ணனார் கண்ணப்பர் ஆனதை அவர்கள் அறிந்தனரா என்பதற்கு நூலில் இடமில்லை. இறைவனும் அடியாரும் எதிரெதிர் நிற்கும் முடிவுக்கு அது வேண்டாததாக இருக்கலாம். எனினும், தீ மூட்டியவனுக்கும் வழி காட்டியவனுக்கும் பங்கு கிடைக்காதது நெஞ்சை உறுத்துகின்றது.

இன்று வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது, அது வேண்டுவதே. 1980-களில் இப்பக்கம் யானைகள் வரத் தொடங்கின. 1990-இல் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. நாகனிடம் முறையிட்ட வேடரைப் போலவே, பயிர் அழிந்த உழவர் இன்றும் முறையிடுகின்றனர். இரவுக் காவலில் தீயைச் சுற்றியிருந்து, யானை எவ்வழி வந்தது, எவ்வொலிக்குத் திரும்பியது என ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்கின்றனர். அவர்களிடம் வில் இல்லை. நாணனின் சொல் மட்டும் எஞ்சியுள்ளது.

நமக்கு வினா விடுத்த முதியவரை அடுத்த திங்களில் சந்தித்து, நாம் பேசியது பிழை என்று சொன்னோம். அவர் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. முந்திய இரவு யானைகள் எந்த ஓடை வழியாக இறங்கின என்பதைச் சொல்லத் தொடங்கினார். நாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.