கைமாறிய நாடாக்கள்

1977 மே 8. நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவில், கார்னெல் பல்கலைக்கழக பார்ட்டன் அரங்கில் கிரேட்ஃபுல் டெட் ராக் இசைக்குழுவினர் வாசித்தார்கள். அவர்களுடைய ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் அதை ரீல் நாடாவில் பிடித்து வைத்தார். அவர் வைத்திருந்த நாடாக்கள், கிடங்கு வாடகை பாக்கியால் 1986-இல் ஏலம் போயின. அவற்றில் பலவற்றைச் சுத்தம் செய்து உயிர் கொடுத்தவர்கள் ரசிகர்கள்தான்.

ரசிகர்கள் கச்சேரியைப் பதிவு செய்வதை இந்தக் குழு தடுக்கவில்லை. 1984-இல் அவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கியது. பிரதிக்குக் காசு வாங்கக் கூடாது என்பதுதான் முக்கிய விதி. வெற்று கேசட்டையும் தபால் செலவையும் அனுப்பினால், முன்பின் தெரியாத ஒருவர் ராத்திரி உட்கார்ந்து பிரதி எடுத்து அனுப்புவார். எவ்வளவு பெரிய மனசு!

பிரதிக்குப் பிரதி இரைச்சல் ஏறும். அதைச் சரிசெய்யும் கைவேலை இன்னும் அழகு. கேசட் டெக்கில், நாடாவைப் படிக்கும் ஹெட் அருகே ஒரு குட்டித் திருகு இருக்கும். மயிரிழை அளவு திருப்பினால் போதும், போர்வையை விலக்கியதுபோல் சிம்பல் பளிச்சென்று கேட்கும். பிரதி எடுக்கும்போது மூல நாடா மெதுவாக ஓடியிருந்தால் கிட்டாரின் சுருதி இறங்கிவிடும். அப்போது பதிவின் அடியில் ஒளிந்திருக்கும் மின்சார ரீங்காரத்தைத் தேடிப் பிடிப்பார்கள். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ்; 59-இல் நின்றால், அந்தக் கணக்குக்கு வேகத்தைக் கூட்டுவார்கள்.

கார்னெல் கச்சேரி 2017-இல்தான் முறைப்படி வெளியானது. அதுவரை நாற்பது வருஷம், அது கைமாறிக் கைமாறியே ஊரெல்லாம் கேட்டது.